கட்டத்துக்குப் பெயர் கட்டுவது எப்படி: பார்வையற்றவரும் நிரப்பக்கூடிய இணையப் படிவத்துக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் சிறிய அளவில் இணையதள வேலை செய்கிறேன். போன வருஷம் புதுச்சேரியில் ஒரு பயிற்சி மையத்துக்குச் சேர்க்கைப் படிவம் செய்து கொடுத்தேன். 14 கட்டங்கள், சான்றிதழ் ஏற்ற 3 இடங்கள். படிவம் திறந்த மூன்றாம் நாள் லாஸ்பேட்டையிலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். பார்வை இல்லாதவர், திரையில் உள்ளதைக் குரலாகப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் என்ற மென்பொருளை வைத்துக் கணினியை இயக்குபவர்.

“தம்பி, உங்க ஃபார்ம்ல டேப் தட்டத் தட்ட ‘எடிட், எடிட்’னு மட்டும்தான் சொல்லுது. எது பேரு, எது போன் நம்பருன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? முக்கால் மணி நேரமா உக்காந்திருக்கேன்.”

எழுதும் கட்டம் எதற்கும் ஸ்கிரீன் ரீடர் சொல்லும் பொதுச்சொல் ‘எடிட்’. நான் திரையைப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டத்துக்கும் மேலே பெயர் தெளிவாகத்தான் இருந்தது. கண்ணால் பார்க்கிறவனுக்குத் தெளிவு. கணினியைப் பொறுத்தவரை அந்த எழுத்துக்கும் கட்டத்துக்கும் எந்த உறவும் இல்லை. மாட்டுக்குப் பக்கத்தில் கயிறு கிடந்தால் மாடு கட்டியதாகிவிடாது. முடிச்சுப் போட வேண்டும். அந்த முடிச்சைத்தான் நான் எந்தக் கட்டத்துக்கும் போட்டிருக்கவில்லை.

அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு வாரம் பிடித்தது. அதில் பாதி தவறான வழியில் போனது. அந்த ஒரு வாரத்தை உங்களுக்கு மிச்சப்படுத்தத்தான் இதை எழுதுகிறேன். இணையப் பக்கம் எழுதும் மொழியான எச்டிஎம்எல் ஓரளவு தெரிந்தால் போதும். வேர்ட்பிரஸில் படிவம் போடுபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. கோடு, அதாவது நிரல், எழுதுமுன் காதால் கேளுங்கள்

முதல் வேலை, உங்கள் படிவத்தை ஸ்கிரீன் ரீடரில் கேட்பது. என்விடிஏ என்ற மென்பொருள் விண்டோஸில் இயங்கும், முழுக்க இலவசம். இறக்கிய கோப்பைத் திறந்தால் நிறுவாமலே தற்காலிகமாக ஓட்டிப் பார்க்கவும் வழி உண்டு. இதற்காகப் புதிய கணினி வாங்க வேண்டியதில்லை.

இறக்கி, நிறுவி, நாலைந்து விசைகளைப் பழகிக்கொள்ள ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தொடக்கத்தில் தேவைப்படுவது இவ்வளவுதான். டேப் அழுத்தினால் அடுத்த கட்டத்துக்குப் போகும். எஃப் அழுத்தினால் படிவத்தின் அடுத்த உறுப்புக்குத் தாவும். இன்சர்ட்டும் எஃப்7-உம் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டியல் திறக்கும். அதில் படிவக் கட்டங்களை மட்டும் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். இன்சர்ட்டும் கியூவும் அழுத்தினால் என்விடிஏ நின்றுவிடும். நிறுத்துவது எப்படி என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். தெரியாமல் தொடங்கினால் குரல் விடாமல் பேசும்போது பதற்றத்தில் கணினியையே அணைக்கத் தோன்றும்.

ஒரு வசதி சொல்கிறேன். என்விடிஏவின் கருவிகள் மெனுவில் ஸ்பீச் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. பேசுவதை எல்லாம் ஒரு சிறு ஜன்னலில் எழுத்தாகவும் காட்டும். வேகமான குரல் காதுக்குப் பழகும் வரை இது பெரிய துணை. பிறகு அறிக்கை எழுதும்போது அதிலிருந்தே நகலெடுக்கலாம்.

கேட்கும்போது திரையை அணைத்துவிடுங்கள். கண் திறந்திருந்தால் காது கேட்காததைக் கண் நிரப்பிவிடும். “சரியாத்தானே இருக்கு” என்று தோன்றும். திரையை அணைத்துவிட்டு என் சொந்தப் படிவத்தில் நான் மூன்றாவது கட்டத்தைத் தாண்டவில்லை.

கைபேசியில் ஆண்ட்ராய்டு என்றால் டாக்பேக், ஐபோன் என்றால் வாய்ஸ்ஓவர். இரண்டும் கைபேசிக்குள்ளேயே இருக்கின்றன, தனிச் செலவில்லை. நம் ஊரில் படிவம் நிரப்புபவர்களில் பலர் கைபேசியில்தான் நிரப்புகிறார்கள். அதனால் இதை விட்டுவிடாதீர்கள். டாக்பேக் இயங்கும்போது ஒரு தட்டு தட்டினால் அந்த இடத்தைப் படிக்கும், இரண்டு தட்டு தட்டினால்தான் திறக்கும், வலப்பக்கம் தேய்த்தால் அடுத்ததற்குப் போகும்.

2. கட்டங்களின் பட்டியலை வாடிக்கையாளரிடம் எழுத்தில் வாங்குங்கள்

நான் செய்த முதல் தவறு இங்கேதான். போனில் “பழைய பேப்பர் ஃபார்ம் மாதிரியே போட்டுடுங்க” என்றார்கள், அப்படியே போட்டுவிட்டேன். இப்போது வேலை தொடங்குமுன் மூன்று காகிதம் கேட்கிறேன். ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கும் அச்சுப் படிவத்தின் நகல் ஒன்று. ஒவ்வொரு கட்டத்தின் பெயரும் தமிழிலும் ஆங்கிலத்திலும், கட்டாயமா இல்லையா என்ற குறிப்போடு ஒரு பட்டியல். ஏற்ற வேண்டிய சான்றிதழ்கள், அவற்றின் கோப்பு வகை, அளவு வரம்பு பற்றி ஒரு தாள். இது கையில் வர ஒரு வாரம் ஆகலாம். வராமல் கோடு எழுதத் தொடங்கினால் பிறகு இரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும்.

பட்டியல் கைக்கு வந்ததும் சொற்களைப் பாருங்கள். கட்டத்தோடு பெயரைச் சரியாகக் கட்டிவிட்டு அந்தப் பெயரே புரியாமல் இருந்தால் பயனில்லை. நான் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் சொற்கள் சில உண்டு.

“முதற்பெயர், கடைசிப்பெயர்” என்று இரண்டு கட்டம் போடாதீர்கள். நம்மில் பெரும்பாலோருக்கு இருப்பது இனிஷியலும் பெயரும்தான். கடைசிப்பெயரில் அப்பா பெயரை எழுதுவதா, இனிஷியலை எழுதுவதா, புள்ளி வைத்துவிட்டு நகர்வதா என்று கண் தெரிந்தவர்களே திகைக்கிறார்கள். “முழுப்பெயர், 10-ஆம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி” என்று ஒரே கட்டம் போதும்.

கடலூர் மாவட்டத்தில் கிராமத்துக்காரர் ஒன்றியம் என்பார். புதுச்சேரிப் பக்கம் பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கத்தில் கொம்யூன் பஞ்சாயத்து என்பார்கள். ஒரே படிவம் இரண்டு பக்கத்துக்கும் என்றால் “ஒன்றியம் அல்லது கொம்யூன்” என்று பெயர் வையுங்கள். மாநிலப் பட்டியலில் புதுச்சேரி தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கு பகுதிகள் இருப்பதால் வெறும் “பகுதி” என்ற பெயர் பலருக்குத் தெருப்பகுதியாகக் கேட்கும். “புதுச்சேரியின் எந்தப் பகுதி” என்று எழுதினால் குழப்பம் இல்லை.

“எண்” என்று மட்டும் எழுதிய கட்டங்களையும் தேடுங்கள். கண்ணுக்கு மேலே ஆதார் என்று தலைப்பு தெரியும். டேப்பில் வருபவருக்கு “எண்” மட்டும்தான் கேட்கும். என்ன எண்?

3. லேபிளைக் கட்டத்தோடு கட்டுங்கள்

இதுதான் முடிச்சு. எச்டிஎம்எல்லில் பக்கத்தின் ஒவ்வொரு உறுப்பையும் குறிப்பது டேக். லேபிள் என்றே ஒரு டேக் இருக்கிறது. கட்டத்துக்கு, அதாவது இன்புட் டேக்குக்கு, ஐடி என்ற ஆட்ரிபியூட்டில் (டேக்குக்குள் எழுதும் பண்பில்) ஒரு அடையாளம் கொடுங்கள். லேபிள் டேக்கில் ஃபார் என்ற ஆட்ரிபியூட்டில் அதே அடையாளத்தை எழுத்து பிசகாமல் எழுதுங்கள். அவ்வளவுதான். இனி அந்தக் கட்டத்துக்குள் வந்ததும் ஸ்கிரீன் ரீடர் “கைபேசி எண், எடிட்” என்று சொல்லும்.

இன்னொரு வழி, லேபிள் டேக்குக்குள்ளேயே எழுத்தையும் கட்டத்தையும் சேர்த்து வைப்பது. அப்போது ஐடி தேவையில்லை. இரண்டும் செல்லும். நான் முதல் வழியையே பிடிக்கிறேன். வடிவமைப்பை மாற்றும்போது எழுத்தும் கட்டமும் தள்ளித் தள்ளிப் போனாலும் முடிச்சு அவிழாது.

சரியாகக் கட்டியிருக்கிறதா என்று நொடியில் பார்க்க ஒரு வழி: எழுத்தின் மேல் சொடுக்குங்கள். கர்சர் கட்டத்துக்குள் போனால் கட்டியிருக்கிறது. டிக் பெட்டி என்றால் எழுத்தைத் தொட்டாலே டிக் விழ வேண்டும். கை நடுங்கும் பெரியவர்களுக்கு இந்த ஒன்றே பெரிய உதவி. சின்னப் பெட்டியைக் குறிபார்த்துத் தொட வேண்டியதில்லை.

இதில் இருக்கும் பொறிகளைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் இரண்டு வாரத்தில் நிறைய நேரம் இங்கேயும் கரைந்தது.

முதல் பொறி, ஒரே ஐடி இரண்டு இடத்தில். விசாரணைப் படிவத்தைப் பக்கத்தின் நடுவிலும் அடியிலும் வைத்திருந்தேன். இரண்டிலும் “மொபைல்” என்றே ஐடி. அடியில் இருக்கும் லேபிளைச் சொடுக்கினால் கர்சர் மேலே இருக்கும் படிவத்துக்கு ஓடியது. ஒரு பக்கத்தில் ஓர் ஐடி ஒருமுறைதான் வரலாம். இரண்டாவதற்கு வேறு பெயர் கொடுங்கள்.

இரண்டாவது, ஐடியில் இடைவெளி விடுவது, ஓரிடத்தில் பெரிய எழுத்தும் இன்னோர் இடத்தில் சிறிய எழுத்துமாக அடிப்பது. இரண்டும் பிழை. கண்ணில் எளிதில் படாது.

மூன்றாவது, நேமும் ஐடியும் ஒன்று என்று நினைப்பது. இன்புட்டில் நேம் என்ற ஆட்ரிபியூட் சர்வருக்குத் தரவு அனுப்ப. லேபிளின் ஃபார் தேடுவது ஐடியை மட்டும்தான். என் சேர்க்கைப் படிவத்தின் 14 கட்டத்திலும் நேம் இருந்தது, ஒன்றில்கூட ஐடி இல்லை.

ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தைப் பயன்படுத்துபவர்கள் ஃபார் என்பதற்குப் பதிலாக எச்டிஎம்எல்ஃபார் என்று எழுத வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அடுத்தது அடுக்கும் முறை. நான் இரண்டிரண்டாக அடுக்கியிருந்தேன்: ஒரு வரியில் “பெயர்”, “தந்தை பெயர்” என்ற எழுத்துகள், அதற்குக் கீழ் வரியில் இரண்டு கட்டங்கள். அம்புக்குறி விசையால் வரிவரியாகக் கேட்டுக்கொண்டே வந்த அக்காவுக்கு “பெயர், தந்தை பெயர், எடிட், எடிட்” என்று வந்திருக்கிறது. கடைசியாகக் கேட்டது தந்தை பெயர் என்பதால் முதல் கட்டத்தில் அப்பா பெயரை எழுதிவிட்டார். கோடில் ஒரு லேபிள், அதை ஒட்டி அதன் கட்டம், பிறகு அடுத்த லேபிள் என்ற வரிசையே இருக்கட்டும். பக்கம் பக்கமாகக் காட்டுவதை, பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும்.

4. பிளேஸ்ஹோல்டரை லேபிளாக வைக்காதீர்கள்

கட்டத்துக்குள்ளேயே மங்கலாக “உங்கள் பெயர்” என்று எழுதிவிட்டு வெளியே எதுவும் எழுதாத படிவங்கள் இப்போது நிறைய. இடம் மிச்சம் என்று வடிவமைப்பாளர்களுக்குப் பிடிக்கும். நானும் அக்காவின் போன் வந்த அன்று மாலையே அவசரத்தில் எல்லாக் கட்டத்திலும் பிளேஸ்ஹோல்டர் போட்டுவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். பிரவுசர் வேறு பெயர் கிடைக்காவிட்டால் அதையே பெயராக எடுத்துக்கொள்ளும் என்பது உண்மை. அதனால் சில சோதனைக் கருவிகளும் பாஸ் போட்டுவிடும்.

ஆனால் முதல் எழுத்தை அடித்ததும் அது கண்ணிலிருந்து மறைந்துவிடும். பாதி நிரப்பிவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்டார்கள் என்று எழுந்து போய்த் திரும்பி வந்தவருக்கு எந்தக் கட்டம் எது என்று தெரியாது. நினைவாற்றல் குறைந்தவர்களுக்கும் மங்கலான பார்வை உள்ளவர்களுக்கும் இன்னும் கடினம். அந்தச் சாம்பல் நிறம் பெரும்பாலும் போதிய அழுத்தம் இல்லாதது. சாதாரண அளவு எழுத்துக்குப் பின்னணியோடு 4.5-க்கு 1 என்ற நிற வேறுபாடு வேண்டும். பிளேஸ்ஹோல்டர் போட்டே ஆக வேண்டும் என்றால் எடுத்துக்காட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், லேபிள் வெளியே தனியாக இருக்கட்டும்.

5. பக்கத்தின் மொழியைச் சொல்லுங்கள்

தமிழ்ப் படிவம் செய்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இது. எச்டிஎம்எல்லின் முதல் டேக்கில் லேங் என்ற ஆட்ரிபியூட் இருக்கும். நாம் இறக்கிப் பயன்படுத்தும் டெம்ப்ளேட் பலவற்றில் அது ஆங்கிலத்துக்கான இ-என் என்றே இருக்கும். நீங்கள் லேபிளைத் தமிழில் எழுதி முறையாகக் கட்டியிருந்தாலும், ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்தைக் கண்டதும் பேசாமலே தாண்டிவிடலாம், அல்லது ஒன்றும் புரியாதபடி உளறலாம். கேட்பவருக்கு மறுபடியும் “எடிட்” மட்டும்தான் மிஞ்சும்.

முழுப் பக்கமும் தமிழ் என்றால் லேங்கில் டி-ஏ (ta) என்று மாற்றுங்கள். பக்கம் ஆங்கிலம், நடுவில் ஒரு பகுதி மட்டும் தமிழ் என்றால் அந்தப் பகுதியின் டேக்குக்கு மட்டும் டி-ஏ கொடுங்கள். என்விடிஏவுடன் வரும் இஸ்பீக் குரலில் தமிழ் உண்டு. மொழிக் குறியீடு சரியாக இருந்தால் தானே மாறிக்கொள்ளும். வேலை இரண்டு நிமிடம்தான். ஆனால் அந்த அக்காவோடு இரண்டாம் முறை உட்காரும் வரை எனக்கு இது தோன்றவே இல்லை.

லேபிளில் தமிழும் ஆங்கிலமும் சாய்கோடு போட்டு ஒன்றாக எழுதும் வழக்கம் நம் அச்சுப் படிவங்களிலிருந்து வந்தது. இணையத்தில் அது ஒவ்வொரு கட்டத்தையும் இரண்டு தடவை கேட்க வைக்கும். மொழியை மாற்ற ஒரு பொத்தான் வைத்து இரண்டு தனிப் பக்கமாகச் செய்வதே நல்லது.

6. ஒரே கேள்விக்குப் பல கட்டம் வரும் இடங்கள்

“மாற்றுத்திறனாளியா?” என்று கேட்டுவிட்டுக் கீழே “ஆம்”, “இல்லை” என்று இரண்டு ரேடியோ பொத்தான் வைக்கிறோம். ஒவ்வொரு பொத்தானுக்கும் லேபிள் கட்டியாயிற்று. ஆனால் டேப்பில் வருபவருக்கு “ஆம், ரேடியோ பட்டன்” என்று மட்டும் கேட்கும். எதற்கு ஆம்?

இதற்கு ஃபீல்ட்செட், லெஜண்ட் என்று இரண்டு டேக் உண்டு. கேள்வியையும் பொத்தான்களையும் ஃபீல்ட்செட்டுக்குள் போட்டு, கேள்வியை அதன் முதல் வரியாக லெஜண்ட் டேக்கில் எழுதுங்கள். அந்தக் கூட்டத்துக்குள் நுழையும்போது கேள்வி முதலில் கேட்கும், பிறகு பதில். லெஜண்டைச் சுருக்கமாக வையுங்கள். மூன்று வரி விளக்கத்தை அதில் திணித்தால் கேட்பவருக்குச் சலிப்பு.

பிறந்த தேதிக்கு நாள், மாதம், ஆண்டு என மூன்று கட்டம் வைத்தாலும் இதே முறைதான்: லெஜண்டில் “பிறந்த தேதி”, ஒவ்வொன்றுக்கும் தனி லேபிள். ஓடிபிக்கு ஆறு சின்னக் கட்டம் போடுகிறார்களே, அதைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே கட்டம், “6 இலக்க ஓடிபி” என்று ஒரு லேபிள். கேட்பவருக்கும் அதுதான் எளிது, ஒட்டுபவருக்கும் அதுதான் எளிது.

கீழ்விரியும் பட்டியலின் முதல் வரியில் “தேர்வு செய்க” என்று இருப்பது லேபிள் ஆகாது. மூன்று பட்டியல் இருந்தால் மூன்றும் “தேர்வு செய்க” என்றே சொல்லும்.

7. சான்றிதழ் ஏற்றும் இடம்

அதிகம் பேர் படிவத்தைக் கைவிடும் இடமாக எனக்குத் தெரிவது இதுதான். என் படிவத்தில் மூன்று ஏற்றும் இடம்: மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், புகைப்படம். மூன்றும் ஒரே மாதிரி “கோப்பைத் தேர்ந்தெடு, கோப்பு எதுவும் இல்லை” என்று பேசின. அக்கா சாதிச் சான்றிதழை ஏற்ற வேண்டிய இடத்தில் புகைப்படத்தை ஏற்றியிருந்தார். அளவு மீறியது என்று சர்வர் தள்ளிவிட்டது. ஏன் தள்ளியது என்பதும் அவருக்குத் தெரியவில்லை.

ஒவ்வொரு ஏற்றும் இடத்துக்கும் சான்றிதழின் முழுப்பெயரோடு லேபிள் கட்டுங்கள். “பிடிஎஃப் மட்டும், 200 கேபிக்குள்” போன்ற வரம்பைத் தனி வரியாகக் கட்டத்தின் கீழே எழுதி, அந்த வரிக்கு ஓர் ஐடி கொடுத்து, இன்புட்டில் ஏரியா-டிஸ்கிரைப்ட்பை (aria-describedby) என்ற ஆட்ரிபியூட்டில் அந்த ஐடியை எழுதுங்கள். பெயரைச் சொன்ன பிறகு இந்தக் குறிப்பையும் ஸ்கிரீன் ரீடர் சொல்லும். இப்படிக் கட்டாமல் நடுவில் கிடக்கும் குறிப்பு எதுவும் டேப்பில் போகிறவர் காதில் விழாது. நமக்கு இது எளிதில் மறந்துபோகிறது, ஏனென்றால் நம் கண் போகிற போக்கில் எல்லாவற்றையும் படித்துவிடுகிறது.

அழகுக்காக உண்மையான ஏற்றும் கட்டத்தை டிஸ்ப்ளே நன் (display: none) என்ற சிஎஸ்எஸ் வரியால் மறைத்துவிட்டு வண்ணப் பொத்தான் ஒன்றை மேலே வைப்பார்கள். அப்படி மறைத்தால் விசைப்பலகையில் அந்த இடத்துக்கே போக முடியாது. கண்ணுக்கு மட்டும் மறைத்து ஸ்கிரீன் ரீடருக்கு விட்டுவைக்கும் சிஎஸ்எஸ் கிளாஸ், பூட்ஸ்ட்ராப் என்ற ஆயத்தத் தொகுப்பில் ஏற்கெனவே இருக்கிறது. விஷுவலி-ஹிடன் என்று பெயர். அதைப் பயன்படுத்துங்கள். அப்போதும் டேப்பில் அங்கே வந்து நிற்பது கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

8. கட்டாயக் குறியும் பிழைச் செய்தியும்

சிவப்பு நட்சத்திரம் மட்டும் போதாது. இன்புட்டில் ரிக்வயர்ட் என்ற ஆட்ரிபியூட் சேர்த்தால் ஸ்கிரீன் ரீடர் கட்டாயம் என்று தானே சொல்லும். நட்சத்திரத்துக்கு என்ன பொருள் என்பதைப் படிவத்தின் தொடக்கத்தில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள், கடைசியில் எழுதிப் பயனில்லை. 14-இல் 12 கட்டாயம் என்றால் மீதி இரண்டின் லேபிளில் “விரும்பினால்” என்று எழுதுவது இன்னும் எளிது.

பிழை வந்தால் கட்டத்தைச் சிவப்பாக்கி நிறுத்திவிடாதீர்கள். என்ன தவறு, எப்படித் திருத்துவது என்று எழுத்தில் சொல்லுங்கள்: “பின்கோடு 6 இலக்கம் இருக்க வேண்டும், எடுத்துக்காட்டு 607001.” அந்த வரியையும் ஏரியா-டிஸ்கிரைப்ட்பை மூலம் கட்டத்தோடு கட்டி, ஏரியா-இன்வேலிட் என்பதை ட்ரூ ஆக்குங்கள். சமர்ப்பித்ததும் கர்சரைப் பிழை உள்ள முதல் கட்டத்துக்குக் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் பொத்தானை அழுத்தினோம், ஒன்றும் நடக்கவில்லை என்றுதான் அவருக்குத் தோன்றும். மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருப்பார்.

எழுத்துப் படத்தைப் பார்த்து அடிக்கச் சொல்லும் கேப்ச்சாவை எடுத்துவிடச் சொல்லி வாடிக்கையாளரிடம் பேசுங்கள். எல்லா லேபிளையும் ஒழுங்காகக் கட்டிவிட்டுக் கடைசி வாசலில் பூட்டுப் போட்டது போலாகிவிடும்.

9. ஏரியா-லேபிளை எப்போது தொடலாம்

ஏரியா-லேபிள் (aria-label) என்பது கட்டத்தின் டேக்குக்குள்ளேயே பெயரை எழுதும் ஆட்ரிபியூட். இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரை “ஏரியா-லேபிள் போடு” என்பதுதான். நான் தவறான வழியில் போன நாட்கள் இதனால்தான். 14 கட்டத்துக்கும் போட்டேன். அது காதுக்கு மட்டும், கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததால் பிறகு யாரும் திருத்துவதில்லை. கட்டத்தின் மேல் “வாட்ஸ்அப் எண்” என்று மாற்றிய பிறகும் காதுக்குப் பழைய “தொலைபேசி எண்”தான் போய்க்கொண்டிருந்தது. லேபிள் டேக்கும் ஏரியா-லேபிளும் இரண்டும் இருந்தால் ஏரியா-லேபிளே வெல்லும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குரலால் கட்டளையிட்டுக் கணினியை இயக்குபவர்கள் திரையில் தெரியும் பெயரைத்தான் சொல்வார்கள். உள்ளே வேறு பெயர் இருந்தால் கட்டம் திறக்காது.

உருப்பெருக்கிப் படம் மட்டும் போட்ட தேடல் பொத்தான் போல, எழுத்து வைக்கவே இடமில்லாத இடத்தில் மட்டும் இதைப் பயன்படுத்துங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் லேபிள் டேக்.

எந்தக் கட்டத்துக்கு எந்தப் பெயர் போய்ச் சேருகிறது என்று பார்க்க, குரோமில் கட்டத்தின் மேல் வலச்சொடுக்குப் போட்டு இன்ஸ்பெக்ட் திறந்து, எலிமென்ட்ஸ் பகுதியில் ஆக்சஸிபிலிட்டி என்பதைப் பாருங்கள். நேம் என்ற இடத்தில் பெயர் நிற்கும். காலியாக இருந்தால் முடிச்சு இல்லை.

10. இன்னொரு உதவி: ஆட்டோகம்ப்ளீட்

பெயர், கைபேசி, மின்னஞ்சல், பின்கோடு கட்டங்களுக்கு ஆட்டோகம்ப்ளீட் ஆட்ரிபியூட்டில் உரிய சொல்லைக் கொடுத்தால் பிரவுசர் தானே நிரப்பித் தரும். தட்டச்சு கடினமானவர்களுக்கு நேரம் பாதியாகும். கைபேசி எண்ணுக்கு இன்புட்டின் டைப்பில் நம்பர் வகை வேண்டாம், டெல் (tel) வகை போடுங்கள்.

11. சோதனை, செலவு, நாள்

குரோமிலேயே உள்ள லைட்ஹவுஸ், அதில் நீட்சியாகச் சேர்க்கும் ஆக்ஸ், வேவ் ஆகிய சோதனைக் கருவிகளை இலவசமாகவே ஓட்டலாம். லேபிள் இல்லாத கட்டத்தை நொடியில் காட்டும். ஆனால் “எண்” என்ற லேபிள் புரியுமா, “ஆம்” எதற்கு என்பதை எல்லாம் அவை சொல்லாது. 100 மதிப்பெண் வாங்கிய என் இரண்டாவது பதிப்பில்தான் மொழிக் குறியீடு தவறாக இருந்தது. குறியீடு என்று ஒன்று இருக்கிறதா என்று கருவி பார்த்தது, அது சரியான மொழியா என்று பார்க்கவில்லை.

அதனால் தினமும் ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்தும் ஒருவரோடு உட்காருங்கள். நான் அந்த அக்காவிடமே கேட்டேன். பஸ் ஏறி லாஸ்பேட்டைக்குப் போய் அவர் வீட்டிலேயே, அவர் கணினியிலேயே பார்த்தோம். இரண்டு மணி நேரம். அவர் நிரப்பும்போது வாயைத் திறக்காமல் குறிப்பு எடுப்பதுதான் உங்கள் வேலை. “இங்க அழுத்துங்க” என்று சொல்லிவிட்டால் சோதனை கெட்டுவிடும். இரண்டு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் கொடுத்தேன். வாங்க மறுத்தார், வற்புறுத்திக் கொடுத்தேன். அது அவருடைய தொழில்திறன். அதற்குக் காசு கொடுக்காமல் உதவி என்று வாங்கிக்கொள்வது சரியில்லை. வாடிக்கையாளருக்குத் தரும் செலவு மதிப்பீட்டிலேயே இந்தத் தொகையை ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

மூன்றாம் பதிப்பை அவர் 11 நிமிடத்தில் நிரப்பி முடித்தார்.

வேலை நாள் கணக்கு: 14 கட்டப் படிவத்துக்கு லேபிள், லெஜண்ட், குறிப்பு எல்லாம் கட்ட இப்போது எனக்கு இரண்டு மணி நேரம் ஆகிறது. பிழைச் செய்திகளுக்கு அரை நாள். சொந்தமாக என்விடிஏவிலும் டாக்பேக்கிலும் கேட்டுப் பார்க்க அரை நாள். வெளியாள் சோதனையும் அதன் திருத்தமும் சேர்த்து இரண்டு நாள். பழைய படிவத்தைத் திருத்துவது என்றால் இதைப் போல இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். சேர்க்கை திறக்கும் நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே வெளியாள் சோதனை முடிந்திருக்க வேண்டும்.

ஒரே ஒரு வரி ஸ்கிரிப்டை ஒட்டினால் தளம் முழுக்கச் சரியாகிவிடும் என்று ஆண்டுச் சந்தாவுக்கு விற்கும் விட்ஜெட்டுகள் உண்டு. பக்கத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலிப் படத்தோடு நிற்கும். அந்தப் பணத்தைச் சோதிப்பவருக்குக் கொடுங்கள். கட்டாத முடிச்சை வெளியிலிருந்து ஊகித்துக் கட்டுவது நம்பத்தகுந்த வேலை இல்லை.

12. மதிப்பீட்டில் என்ன எழுதுவது

“அணுகல்தன்மை உண்டு” என்று பொதுவாக எழுதாதீர்கள். உலகெங்கும் பின்பற்றப்படும் இணைய அணுகல் வழிகாட்டுதலான டபிள்யூசிஏஜியின் பெயரைச் சொல்லி, டபிள்யூசிஏஜி 2.1 அல்லது 2.2, ஏஏ நிலை என்று எழுதுங்கள். லேபிளுக்கு நேராகத் தொடர்புடைய விதிகள் 1.3.1, 2.4.6, 3.3.2, 4.1.2. அரசுத் துறை வேலை என்றால் இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டுதலான ஜிஐஜிடபிள்யூவையும் பார்க்க வேண்டும், அதன் 3.0 பதிப்பு 2023-இல் வந்தது.

வாடிக்கையாளர் “இதெல்லாம் நமக்கு எதுக்கு” என்றால் சொல்ல இரண்டு விஷயம் கையில் வைத்திருங்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 46-ஆம் பிரிவு, அரசு என்றாலும் தனியார் என்றாலும் சேவை தருபவர்கள் அணுகல் விதிகளின்படி தர வேண்டும் என்கிறது. 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம், மின்னணுச் சேவைகளை அணுகுவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. பெரும்பாலும் இதற்குமேல் வாதம் வராது.

ஒப்படைக்கும்போது ஒரு பக்க அறிக்கை கொடுங்கள்: எந்தக் கட்டம், ஸ்பீச் வியூவரில் என்ன வந்தது, எந்த நாளில் எந்தக் கருவியில் சோதித்தது. அதோடு ஒரு வரி நிபந்தனையும்: புதிதாகக் கட்டம் சேர்த்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டும். என் படிவத்தில் ஆறு மாதம் கழித்து அலுவலகத்தில் யாரோ “பரிந்துரைத்தவர் பெயர்” என்று ஒரு கட்டம் தாங்களாகவே சேர்த்துவிட்டார்கள். பக்கத்தில் எழுத்து இருந்தது, ஐடி இல்லை. அக்காவின் தம்பி மகள் சேரும்போது அவர்தான் நிரப்பிக் கொடுத்திருக்கிறார், அங்கே வந்ததும் எனக்கு வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பினார்: “தம்பி, பதினஞ்சாவது மறுபடியும் எடிட்டுங்குது.”